கொல்லையில் என்ன மரம் வைக்கலாம்?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



போன முறை நான் பேசிய பிறகு நிலையத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். எழுதியவர் ஒரு தாய். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் கொல்லை இருக்கிறது. கிணறு வற்றிவிட்டது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வருகிறது. “ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்க ஐயா. தினம் பழம் வாங்கிக் குடுக்க நமக்குத் தோது இல்ல. ஒரு பப்பாளி வச்சேன், அது பூ பூவாத் தொங்குது, ஒரு பிஞ்சு கூடக் கிடையாது. எலுமிச்சை வச்சேன், காஞ்சு போச்சு. இன்னொரு தடவ காசு போட்டு ஏமாறப் பயமா இருக்கு. என்ன மரம் வைக்கலாம்னு சொல்லுங்க” என்று எழுதியிருக்கிறார்.

அந்த அம்மாவின் பயம் நியாயமான பயம். நெல்லிலோ கடலையிலோ தப்புச் செய்தால் நாலு மாதத்தில் தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். மரத்தில் செய்த தப்பு தெரிவதற்கே அஞ்சு வருஷம், எட்டு வருஷம் ஆகிவிடும். அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றியவர்களுடைய பாடு வீண்தான். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது.

நத்தம் பக்கத்தில் எங்கள் ஊர். நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் அப்பா சந்தையிலிருந்து ஒரு சப்போட்டா ஒட்டுக் கன்று வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் சப்போட்டா கிடையாது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நட்டு ரெண்டு மாதம் இருக்கும், எங்கள் வீட்டு ஆடே கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நுனியோடு கடித்துவிட்டது. பாதித் தண்டுதான் நின்றது. நான் அழுதேன். அப்புறம் மழை பெய்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அடித்தண்டில் ரெண்டு துளிர்! “அம்மா, பொழைச்சிருச்சு!” என்று நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து அதைச் சுற்றி முள் வேலி, கோடையில் தினம் ஒரு குடம் தண்ணீர். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட அம்மா வீணாக்க மாட்டார்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவார்கள்.

எட்டு வருஷம் ஊற்றினார்கள். மரம் பச்சையாக, மினுமினு என்றுதான் இருந்தது. ஆனால் சப்போட்டா காய்க்கவில்லை. நான் மேல்நிலை வகுப்பு முடித்த வருஷம், எங்கள் ஊருக்கு வந்த ஒரு தோட்டக்கலை ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஓர் இலையைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். “தம்பி, நுனியைப் பாரு. சின்னதா வெட்டு விழுந்த மாதிரி இருக்கா? இது சப்போட்டா இல்ல. பாலை மரம்” என்றார்.

சப்போட்டாக் கன்றை விதை போட்டு வளர்ப்பதில்லை. பாலைக் கன்றை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் நல்ல சப்போட்டாவின் கிளையை ஒட்டுக் கட்டுகிறார்கள். பாலை காட்டு மரம், வறட்சியைத் தாங்கும் வேர் அதற்கு உண்டு. கீழே பாலை, மேலே சப்போட்டா. எங்கள் ஆடு கடித்தது மேலே இருந்த சப்போட்டாவை. துளிர்த்தது கீழே இருந்த பாலை. அந்தத் துளிர் வந்த அன்றைக்கே அது எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்க்கத் தெரிந்திருந்தால் வேறு கன்று வாங்கியிருக்கலாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “எட்டு வருஷம் ஊத்துனேனே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்கள். நான் இந்தப் படிப்புக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் எந்த மரம் என்று சொல்வதற்கு முன்னால், கன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டுக் கன்று என்றால் தண்டில் ஒரு முடிச்சு மாதிரி, வளைவு மாதிரி ஒட்டுப் பகுதி தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் “இது ஒட்டுத்தானா?” என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. ஒட்டுக்கு மேலே துளிர் ஓடியிருக்கவேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் இருந்தால் அதைக் கையால் கிள்ளி எறிந்துவிடலாம். ஆனால் மேலே காய்ந்து கீழே மட்டும் துளிர்த்திருக்கிற கன்றை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே அரை அடியாவது இருக்கவேண்டும். அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் கன்று அழுகவும் கூடும். கீழே வருகிற காட்டுத் துளிர் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். நட்ட பிறகு முதல் ரெண்டு வருஷம், மாதத்துக்கு ஒரு தடவை குனிந்து அடித்தண்டைப் பார்ப்பது ஒரு வேலையாகவே இருக்கட்டும். இது சப்போட்டாவுக்கு மட்டும் இல்லை. மா, நெல்லி, இலந்தை எதுவானாலும் ஒட்டுக் கட்டிய கன்றுக்கெல்லாம் இதே விதிதான்.

இன்னொன்று பாலித்தீன் பை. பையோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பையைக் கத்தியால் கிழித்து எடுத்துவிட்டு, மண்கட்டி உடையாமல் வைக்கவேண்டும். அடியில் வேர் பாய் முடைந்த மாதிரி சுருண்டு கிடந்தால் அந்தச் சுருளை வெட்டி விடுங்கள். வெட்டாமல் வைத்தால் அந்த வேர் வெளியே ஓடாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். உயரமான கன்றுதான் நல்ல கன்று என்று நினைக்காதீர்கள். ரெண்டடி உயரமும் திடமான தண்டும் உள்ள கன்றே போதும். பையிலேயே மூன்று வருஷம் கிடந்து நெடுநெடு என்று வளர்ந்த கன்று எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, தண்ணீர். அந்த அம்மாவுக்குக் கிணறு இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் நாலு பேர். ஆளுக்கு ரெண்டு வாளி குளித்தால் எட்டு வாளி. வாளிக்கு 15 லிட்டர் என்றால் 120 லிட்டர். பாத்திரம் கழுவுவது, அரிசி களைவது எல்லாம் சேர்த்து இன்னும் ரெண்டு வாளி. இளம் கன்றுக்குக் கோடையில் வாரம் ரெண்டு தடவை ஒரு வாளி கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். அஞ்சு கன்றுக்கு வாரம் பத்து வாளி. உங்கள் வீட்டுச் சாக்கடையில் ஒரே நாளில் ஓடுகிற தண்ணீர் அது! இதற்காகக் கடன் வாங்கி மோட்டார் போடவேண்டியது இல்லை.

ஆனால் அந்தத் தண்ணீரை எங்கே விடுவது என்பதில் விஷயம் இருக்கிறது. துணி துவைக்கிற சோப்புத் தூளில் உப்புச் சத்து அதிகம். எலுமிச்சை உப்பைத் தாங்காது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் காய்ந்துபோன எலுமிச்சைகளில் பாதி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தவையாகத்தான் இருந்தன. “தண்ணிக்குப் பக்கத்துல வச்சா நல்லா வரும்னு வச்சோம்” என்பார்கள். கடிதம் எழுதிய அம்மா, உங்கள் எலுமிச்சையும் அங்கேதான் இருந்ததோ என்னவோ. துவைத்த தண்ணீரைத் தனியாக விட்டுவிட்டு, குளித்த தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் கல்வாழைச் செடிகளுக்கு நடுவே ஓடவிடுங்கள். கல்வாழை அழுக்கை ஓரளவு பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டி வருகிற தண்ணீர் வாழைக்கும் சப்போட்டாவுக்கும் கொய்யாவுக்கும் போகட்டும். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் எலுமிச்சைக்கு. ஒரே இடத்தில் குட்டையாகத் தேங்கவிடாமல், பத்து நாளைக்கு ஒரு தடவை வாய்க்காலைத் திருப்பிவிடவேண்டும். இல்லாவிட்டால் கொசுதான் மிச்சம்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் இன்னும் குறைந்தால் ஒரு பழைய மண்பானையை எடுத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டு, துணித்திரி ஒன்றைச் செருகி, கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்தளவு புதைத்துவிடுங்கள். பானையை நிரப்பி மூடி வைத்தால் கசிந்துகொண்டே இருக்கும். மேலே சருகோ வைக்கோலோ மூடாக்குப் போட்டால் ஈரம் இன்னும் சில நாள் நிற்கும். மூடாக்குத் தண்டை ஒட்டிக் கிடக்கக்கூடாது, கரையான் ஏறும்.

இடத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை. நம் நாட்டில் வருஷத்தில் பெரும்பகுதி வெயில் தெற்குச் சாய்வாக விழுகிறது. அதனால் பெரிதாக வளர்கிற மரத்தை வடக்கிலோ மேற்கிலோ வையுங்கள். சின்னது தெற்கிலும் கிழக்கிலும் இருக்கட்டும். மேற்கே ஒரு சப்போட்டா நின்றால் சாயங்கால வெயில் சுவரில் அடிக்காது, வீடும் குளிர்ச்சியாக இருக்கும். சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி வைக்கவேண்டும். எந்த மரம் வீட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று சாஸ்திரம் கேட்கிறவர்கள் உண்டு. அது என் துறை இல்லை. நிழலில் மரம் காய்க்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இனி மரங்களுக்கு வருவோம். முதலில் பப்பாளி, ஏனென்றால் கேள்வியே அதுதான். நட்ட ஒன்பது பத்து மாதத்தில் பழம் தருவது இது ஒன்றுதான். பிள்ளைகள் உள்ள வீட்டில் மற்ற மரம் வளர்கிறவரைக்கும் கைகொடுப்பது பப்பாளிதான். பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம், ரெண்டும் சேர்ந்த பூ உள்ள மரம் என்று மூன்று உண்டு. ஆண் மரத்தில் பூ நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பெண் பூ பெரிதாக, தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கடிதத்தில் “பூ பூவாத் தொங்குது” என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆண் மரம் அம்மா. அது காய்க்காது. உங்கள் மேல் தப்பு இல்லை. தண்ணீர் குறைவும் இல்லை. ஆணி அடித்தால் காய்க்கும், ஆப்பு வைத்தால் காய்க்கும் என்று யாராவது சொல்வார்கள். ஆணியும் வீண், மரத்தில் புண்ணும் மிச்சம்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகைகளில் கோ.3, கோ.7 ரெண்டும் வீட்டுக்கு ஏற்றவை. இவற்றில் தனி ஆண் மரம் வராது. பெண் மரமும் இருபால் பூ மரமும்தான் வரும், ரெண்டும் காய்க்கும். கோ.2 மாதிரியான வகைகளில் ஏறக்குறையப் பாதி ஆணாகவே வரும். அவற்றைப் பெரிய தோட்டம் உள்ளவர்கள் போடட்டும். கடையில் வாங்கித் தின்ற பழத்தின் விதையைப் போட்டால் என்ன வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. எந்த வகை என்று தெரியாத விதையானால் ஒரு குழியில் மூன்று நாற்று வையுங்கள். நாலைந்து மாதத்தில் பூ வந்ததும் பார்த்து, காய்க்கிறதில் திடமானது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

பப்பாளிக்கு ஆறடி இடைவெளி போதும். அதற்கு எமன் தேங்கின தண்ணீர். ஒரு நாள் முழுக்க வேரில் தண்ணீர் நின்றால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். அதனால் மேட்டில் வையுங்கள். அடியில் மண் அணைத்து, தண்ணீர் தண்டைத் தொடாமல் சுற்றிப் பாயட்டும். இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறி, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தால் அது நச்சுயிரி நோய், மருந்து கிடையாது. பிடுங்கி எரித்துவிடுங்கள். ரெண்டு மூன்று வருஷத்தில் மரம் உயரமாகிக் காய் சிறுத்துவிடும். அப்போது புதிதாக வைத்துக்கொள்வதுதான் நல்லது.

பப்பாளியைப் பற்றிப் பேசும்போது மாவுப்பூச்சியைச் சொல்லாமல் விட முடியாது. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் முதலில் தெரிந்தது, பிறகு எங்கும் பரவி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது பலருக்கு நினைவிருக்கும். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் அசிரோஃபேகஸ் என்ற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சின்னக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தின்று அழித்தது. மருந்தடித்துச் சலித்துப்போயிருந்த தோட்டங்கள் தெளிந்தன. அந்தக் குளவி இன்றைக்கும் நம் வயல்களில் இருக்கிறது. நீங்கள் விஷ மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். இலையில் கொஞ்சம் மாவு தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், ரொம்பப் பிடித்த இலையை ஒடித்து எறியுங்கள். அவ்வளவுதான் செய்யவேண்டியது.

கொய்யா எந்த மண்ணிலும் வரும். லக்னோ 49 நல்ல வகை. பதியன் கன்றாக வாங்குங்கள், ரெண்டு மூன்று வருஷத்தில் காய்க்கும். பதியனுக்கு ஆணிவேர் கிடையாது, காற்றில் சாயும். முதல் வருஷம் ஒரு குச்சி நட்டுக் கட்டவேண்டும். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். “மரம் தழதழன்னு இருக்கு, காய் இல்ல” என்பவர்கள் கத்தியை எடுக்காதவர்கள். காய்ப்பு முடிந்ததும் கிளை நுனிகளை அரை அடி, ஓரடி வெட்டிவிடுங்கள். நேராக மேலே போகிற கிளையை வளைத்து, கயிற்றால் தரையில் அடித்த முளையில் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர் வந்து பூ வைக்கும். கைக்கு எட்டுகிற உயரத்திலேயே மரம் நிற்கும். பிள்ளைகள் ஏறி விழவும் வேண்டாம்.

கொய்யாப் பழத்தில் புழு இருப்பது பழ ஈயால். மருந்து வேண்டாம். விழுந்த பழத்தைத் தினம் பொறுக்கி ரெண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். புழு கீழே விழுந்த பழத்திலிருந்து மண்ணுக்குள் போய்த்தான் மறுபடி ஈயாக வருகிறது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் பழைய செய்தித்தாளிலோ துணியிலோ பை தைத்துக் கட்டிவிட்டால் அணில் தொல்லையும் குறையும். மாதுளையில் காயைத் துளைக்கிற புழுவுக்கும் இந்தப் பைதான் வைத்தியம்.

எலுமிச்சையை விட்டுவிட வேண்டாம், ஒரு மரம் இருந்தால் வீட்டுக்கே காணும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.1 நல்ல காய்ப்பு உள்ளது. எலுமிச்சை மட்டும் விதைக் கன்றாக இருந்தாலும் பெரும்பாலும் தாய் மரத்தைப் போலவே வரும். ஒட்டு என்று தேடி அலையவேண்டியது இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். அதன் உணவு வேர் மேலாகவே ஓடுகிறது, மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தாதீர்கள். தண்டைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு, வெளியே ஒரு பெரிய வரப்பு என்று ரெண்டு வட்டமாகப் போட்டு, நடுவில் உள்ள வளையத்தில் மட்டும் தண்ணீர் விடவேண்டும். தண்டில் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். இளம் இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் எச்சம் என்று விட்டுவிடாதீர்கள், தொட்டுப் பாருங்கள். அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகி ஒரே வாரத்தில் கன்றை மொட்டையாக்கிவிடும். குச்சியால் தள்ளி நசுக்கினால் போதும்.

சப்போட்டா பெரிய மரம். 25 அடி இடம் கேட்கும், மூன்று சென்ட்டில் ஒன்றுதான் வைக்கலாம். பி.கே.எம்.1 நல்லது. நல்ல ஒட்டானால் மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் கூடும். மற்றதை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பெருநெல்லி வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரே ஒரு மரம் வைத்துவிட்டு, பூக்கிறது, காய் நிற்கவில்லை என்பார்கள். நெல்லிக்கு வேறு வகை நெல்லியின் மகரந்தம் வேண்டும். உங்கள் கொல்லையில் பவானிசாகர் வகை வைத்தால், பக்கத்து வீட்டில் என்.ஏ.7 வைக்கச் சொல்லுங்கள். ரெண்டு வீட்டுக்கும் காய்க்கும்.

இலந்தைதான் என் செல்லம். காசே இல்லாதவர்களுக்குக்கூட நல்ல பழம் கிடைக்க ஒரு வழி அதில் இருக்கிறது. வேலியோரத்தில் தானாக முளைத்த நாட்டு இலந்தை எல்லா ஊரிலும் நிற்கிறது. அதை மாசி, பங்குனியில் ரெண்டடி உயரத்தில் வெட்டிவிட்டால் புதுக் கிளை கிளம்பும். அதில் திடமான ஒன்றை விட்டு, பென்சில் பருமன் வந்ததும் ஆனி, ஆடியில் உம்ரான், பனாரசி மாதிரி பெரிய பழ வகையின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டலாம். வேர் ஏற்கெனவே ஆழமாக இறங்கியிருப்பதால் தண்ணீரே கேட்காது. ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் நாள் ஒன்றுக்குப் பத்து மரத்தை மாற்றிவிடலாம். ஆனால் ஒட்டுக்குக் கீழே அந்தக் காட்டு இலந்தை விடாமல் துளிர்க்கும். விடாமல் கிள்ளவேண்டும். விட்டால் எங்கள் வீட்டுச் சப்போட்டா கதைதான். பழம் முடிந்ததும் வருஷா வருஷம் கிளைகளைக் கவாத்துச் செய்யவேண்டும். மார்கழிப் பனியில் இலையிலும் பிஞ்சிலும் சாம்பல் பூத்தால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம்.

சீத்தாவை ஆடு மாடு கடிக்காது. வேலி இல்லாத வீட்டுக்கு அதுவே பெரிய உதவி. விதையைப் பொடி செய்து பேனுக்குத் தலையில் தேய்க்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. கண்ணில் பட்டால் கண் கெட்டுப்போகும். வேண்டாம்.

பட்டணத்தில் படிக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், “ஸ்ட்ராபெரி வைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். அது கொடைக்கானல், ஊட்டி மாதிரி குளிர் உள்ள இடத்துச் செடி. நம் சித்திரை வெயிலில் அதை வைப்பது காசைக் கரைக்கிற வேலை. சின்னப் பழம் வேண்டுமென்றால் நமக்கே இருக்கிறதே! முசுக்கட்டை, அதாவது பட்டுப்புழுவுக்கு இலை போடுகிற மல்பெரி, பென்சில் பருமனில் மூன்று நாலு கணு உள்ள குச்சியை மழைக் காலத்தில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். கிளையை வெட்டிவிட்டால் புதுத் துளிரோடு பழமும் வரும். கறுத்த பிறகு பறிக்கவேண்டும். பிள்ளைகளின் சட்டை கறையாவது உங்கள் பாடு. களாவை வேலியாகவே போடலாம். நன்றாகப் பழுத்த களாப் பழத்தின் விதையை உடனே விதைக்கவேண்டும். காயவைத்து எடுத்து வைத்தால் முளைக்காது. மூன்றடிக்கு ஒன்றாக நட்டால் நாலு வருஷத்தில் ஆடு நுழையாது. காய் ஊறுகாய்க்கு, பழம் பிள்ளைகளுக்கு. கம்பி வேலிக்குச் செலவு செய்கிறவர்கள் இதை ஏன் நினைப்பதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

குழி விஷயத்தை மறந்துவிட்டேன். சப்போட்டா, நெல்லிக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம். மற்றதற்கு ஒன்றரை அடி போதும். குழி எடுத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயட்டும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, அதோடு மக்கிய தொழு உரம் ஒரு கூடை, பெரிய குழியானால் வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணத்தைக் கொட்டாதீர்கள், கரையானை அழைத்து வந்துவிடும். பழைய கையேடுகளில் குழிக்கு லிண்டேன் தூள் போடச் சொல்லியிருக்கும். நானே அந்தக் கையேட்டை வைத்துப் படித்தவன்தான். 2013-லிருந்து அதன் உபயோகத்துக்கே தடை. எங்காவது பழைய பொட்டலம் கிடந்தாலும் தொடாதீர்கள். புழு பூச்சி அதிகமானால் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டிச் சாயங்கால வேளையில் தெளியுங்கள். பிள்ளைகள் பறித்து அப்படியே வாயில் போடுகிற மரம் இது. வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று இங்கே அடிக்கக்கூடாது.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு என் யோசனை இதுதான். மேற்கே ஒரு சப்போட்டா. தெற்கே ஒரு கொய்யா. சமையல்கட்டுத் தண்ணீர் போகிற பக்கம், துவைக்கிற கல்லிலிருந்து விலகி, ஓர் எலுமிச்சை. சப்போட்டா பெரிதாகிற வரைக்கும் அதைச் சுற்றியுள்ள காலி இடத்தில், மேட்டில், கோ.7 பப்பாளி ரெண்டு. வேலிக்குக் களா. எல்லாக் கன்றையும் ஒரே தடவையில் வாங்கவேண்டும் என்பது இல்லை. இந்த ஆடியில் குழி எடுத்து ஆவணி மழையில் பப்பாளியும் கொய்யாவும். கையில் காசு சேர்ந்ததும் ஐப்பசியில் மற்றது. கார்த்திகை வரைக்கும் நடலாம். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் கன்று கிடைக்கும். எந்தப் பண்ணையில் எந்த வகை இருக்கிறது என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், அலைச்சல் மிச்சம்.

அந்தப் பூப் பப்பாளியை உடனே வெட்டிவிடாதீர்கள். பக்கத்து வீடுகளில் பப்பாளி காய்த்துக்கொண்டிருந்தால், அதற்கு மகரந்தம் உங்கள் மரத்திலிருந்து போகிறதோ என்னவோ. அவர்களைக் கேட்டுக்கொண்டு பிறகு வெட்டுங்கள். அதுவரைக்கும் அவர்கள் வீட்டில் ரெண்டு பழம் கேட்டால் தப்பில்லை.